கிடா விருந்தும் வயிற்றுப் பொருமலும்

கரிகால் சோழனின் விருந்தில் உண்டு களைத்த ஒரு பொருநனின் கதையைப் பொருநராற்றுப்படை சொல்கிறது. முடத்தாமக்கண்ணியார் பாடியது. செம்மறிக் கிடாயின் தொடைக்கறி வெந்து வருகிறது. அடுத்து, இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறி வருகிறது. சூடு பொறுக்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒதுக்கி ஒதுக்கித் தின்கிறான். இரவும் பகலும் கறி தின்றதில் பல் மழுங்கிப் போகிறது, மூச்சுவிட இடமில்லை, சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வருகிறது. கடைசியில் ஊருக்குப் போகிறேன் என்று மன்னனிடம் விடை கேட்கிறான். தணலில் சுட்ட கறியும் அதன் பின்விளைவும் நம் இலக்கியத்தில் ஒரே பாட்டில் பதிவாகியிருக்கின்றன.

மேலமடைப் பாண்டி முனீஸ்வரர் கோயில் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பகலில் போனால் அந்தப் பொருநனின் உறவுக்காரர்கள் நிறையப் பேரைப் பார்க்கலாம். காது குத்து, முடி இறக்கு, நேர்த்திக்கடன் என்று வேன் வேனாக வந்து, கிடா வெட்டி, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, பந்தி போட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமிக்கு நேர்ந்த கிடாயும் மலையடிவாரத்து மர நிழலில் இப்படித்தான் குழம்பாகிறது. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்துக் குலசாமி கோயில்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை இதுதான் காலம். 2003இல் அரசு, பழைய 1950ஆம் வருஷத்துச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக் கோயில்களில் பலியைத் தடுத்தது. அடுத்த ஆண்டே அந்தச் சட்டத்தை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. கிடாயின் மேல் இந்த மண்ணுக்கு அவ்வளவு பிடிப்பு.

இந்தக் காலம் முழுவதும் கோடை. வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, மூன்று மணிக்குச் சாப்பிட்டு, ஆறு மணிக்கு வேனில் நெருக்கியடித்துத் திரும்பும்போது, பாதிப் பேர் வயிற்றைத் தடவிக்கொண்டிருப்பார்கள். "வயிறு திம்முன்னு இருக்கு", "நெஞ்சைக் கரிக்குது", "புளிச்ச ஏப்பமா வருது". உடனே கறியின் மேல் பழி விழுகிறது. கிடாய் முத்தல் என்பார் ஒருவர், கொழுப்பு அதிகம் என்பார் இன்னொருவர். நான் கறியின் பக்கம் நின்று வாதாடப் போகிறேன். கறிக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் முதல் குற்றவாளி அது இல்லை.

வயிற்றில் வாயு வருவதற்கு இரண்டு வழிகள்தாம் முக்கியம். ஒன்று, நாம் விழுங்குவது. மற்றது, பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள், சிறுகுடல் சீரணிக்காமல் விட்ட மாவுச்சத்தையும் சர்க்கரையையும் புளிக்க வைத்து உண்டாக்குவது. எந்நேரமும் குடலில் 100 முதல் 200 மில்லி வாயுதான் இருக்கும். ஒரு நாளில் வெளியேறுவது அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை. ஆட்டுக்கறியில் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லவே இல்லை. அதன் புரதமும் கொழுப்பும் சிறுகுடலிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. ஆக, வெறும் கறி பெரிதாக வாயுவை உண்டாக்காது. அது செய்வது வேறு வேலை. கொழுப்பு குடலுக்குள் இறங்கியதும், இரைப்பை தன் வாசலைச் சுருக்கிக்கொள்கிறது. சாதாரணச் சாப்பாடு நாலு மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கும் என்றால், குடல் குழம்பும் நல்லெண்ணெய் மிதக்கும் சுக்காவும் இன்னும் வெகு நேரம் அங்கேயே கிடக்கும். பார்சிலோனா ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். கொழுப்பு இறங்கிய குடலில் வாயு நகராமல் தேங்குகிறது, குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம். கறி வாயுவைப் பிறப்பிப்பதில்லை, வந்த வாயுவைப் போகவிடாமல் தடுக்கிறது.

வந்த வாயு எங்கிருந்து வந்தது? இலையில் கறியைச் சுற்றி என்னென்ன கிடந்தன என்று பார்க்க வேண்டும்.

வெங்காயமும் பூண்டும் முதலில். கிலோக் கணக்கில் சின்ன வெங்காயம் வதக்காமல் மதுரையில் எந்தக் குழம்பும் இறங்காது. அவற்றில் இருக்கும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலியை உடைக்கும் நொதி மனிதனுக்கே கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப் புளிக்கும் சர்க்கரைகளையெல்லாம் ஒரே குடும்பமாகச் சேர்த்து, 2005இல் ஃபாட்மாப் என்று பெயர் வைத்தார்கள். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் எண்ணெயில் வதக்கிய சுக்காவிலிருந்து வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டால் ஓரளவு தப்பிக்கலாம். குழம்பிலும் சால்னாவிலும் ஒதுக்கிப் பயனில்லை, சாறிலேயே இறங்கியிருக்கும். பிரியாணி என்றால் கூடவே தயிரில் மிதக்கும் பச்சை வெங்காயம் வேறு. வெங்காயம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்தப் பச்சடியைத் தொடாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது மைதா. அமெரிக்காவில் குடல் வாயுவையே வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்ட மைக்கேல் லெவிட் என்ற மருத்துவரின் குழு, 1981இல் ஒரு முடிவை வெளியிட்டது. சாதாரணக் கோதுமை மாவில் செய்த ரொட்டியின் மாவுச்சத்தில் ஒரு பகுதி ஆரோக்கியமானவர்களுக்கே சீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போகிறது. அரிசி மாவு ஏறக்குறைய முழுவதும் சீரணமாகிவிடுகிறது. நம் ஊர்ப் பாட்டிகள் ஆய்வுக்கூடம் இல்லாமலே இதைச் சொல்லியிருக்கிறார்கள். கறிக்குழம்புக்குச் சோறுதான் ஜோடி. கோயிலில் கறிச்சோறு சாப்பிட்டவர், ராத்திரி ஊர் திரும்பும் வழியில் பன் பரோட்டாக் கடையில் நிறுத்தச் சொன்னால் ஓட்டுநர் காதில் வாங்காமல் போவது நல்லது.

பால் மூன்றாவது. தென்னிந்தியப் பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் சீரணிக்கும் நொதி சிறுவயதிலேயே குறைந்துவிடுகிறது. காலையில் ஒரு டம்ளர் காபிக்கு இது தெரியாது. விருந்து முடிந்து, வெயிலில் காய்ந்து, விளக்குத்தூண் பக்கம் இறங்கிக் குடிக்கும் ஜிகர்தண்டாவுக்குத் தெரியும். சுண்டக் காய்ச்சிய பால், பாலில் செய்த ஐஸ்கிரீம், நன்னாரி சர்பத், ஊறிப் பருத்த பாதாம் பிசின். லாக்டோஸும் சர்க்கரையும் நார்ச்சத்தும் ஒரே கண்ணாடியில், அதுவும் கொழுப்பு நிறைந்த வயிற்றின் மேல். ஜிகர்தண்டாவை நான் குறை சொல்லப் போவதில்லை. மதுரையில் இருந்துகொண்டு அது நடக்காது. வேறொரு நாள் மாலையில், வெறும் வயிற்றில் குடித்தால் அதன் ருசியும் தனியாகத் தெரியும். இதே பால் மோராகிவிட்டால் கதை மாறுகிறது. புளிக்கும்போது லாக்டோஸில் ஒரு பங்கை நுண்ணுயிரிகள் தின்றுவிடும், மீதியைச் சீரணிக்கவும் அவை உதவும். சித்திரைத் திருவிழாவில் தெருவுக்குத் தெரு வைக்கும் நீர்மோர்ப் பந்தலுக்கு இப்படி ஒரு நியாயமும் இருக்கிறது.

தர்பூசணியை யாரும் சந்தேகப்படுவதில்லை. கோடையில் அதைத் தண்ணீர் என்றே நினைக்கிறோம். அதில் ஃப்ரக்டோஸ் மிகுதி, ஃப்ரக்டானும் உண்டு. மாம்பழத்திலும் ஃப்ரக்டோஸ் அதிகம். சாப்பாடு முடிந்த கையோடு நாலு கீற்று உள்ளே போனால் மாலையில் வயிறு பதில் சொல்லும். இரண்டு மணி நேரம் முன்னால் ஒரு கீற்று என்றால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது.

இனி சோடா. விருந்து வீட்டு ஐஸ் பெட்டியில் கோலி சோடா, பன்னீர் சோடா, பொவண்டோ எல்லாம் கிடக்கும். பொவண்டோவைத் தரும் காளிமார்க் நிறுவனம் 1916இல் விருதுநகரில் தொடங்கியது, ஆக நூறு வருஷத்துக்கும் மேலாகத் தென்மாவட்ட விருந்துகளோடு வளர்ந்த பழக்கம் இது. சாப்பாடு செரிக்க சோடா என்பது இங்கே கிட்டத்தட்ட வேத வாக்கு. கணக்கு வேறு மாதிரி. இப்படிப்பட்ட பானங்களில் அவற்றின் கன அளவைப் போல மூன்று நான்கு மடங்கு கரியமில வாயு கரைந்திருக்கும். 200 மில்லிப் புட்டி ஒன்று முக்கால் லிட்டர் வரை வாயுவை உள்ளே கொண்டுபோகிறது. முழுக்க நிறைந்தால் ஒன்றரை லிட்டர் கொள்ளும் இரைப்பை ஏற்கெனவே முட்ட இருக்கிறது. குடித்ததும் பெரிய ஏப்பம் ஒன்று வருகிறது, "ஆஹா, இப்பத்தான் லேசாச்சு" என்கிறோம். வெளியே வந்தது பெரும்பாலும் சோடா கொண்டுவந்த வாயுதான். உறிஞ்சுகுழல் போட்டுக் குடித்தால் காற்றும் சேர்ந்து இறங்கும். பீருக்கும் இதே கணக்குதான். மறைவில் நின்று அவசரமாகக் குடிப்பதால் கூடுதல் காற்று வேறு.

இவ்வளவும் இலையில் கிடக்கும் பொருள்களைப் பற்றியது. என் கருத்தில் இதைவிடப் பெரிய காரணம் கடிகாரம்.

கிடா விருந்தின் நேரத்தைக் கவனியுங்கள். காலையில் வீட்டில் சாப்பிடாமல் கிளம்புகிறோம், "அங்கதான் கறி இருக்கே". பூசாரி வரவேண்டும், மாமன் வரவேண்டும், கிடாய் தலையசைக்க வேண்டும், உரிக்க வேண்டும், வேக வேண்டும். வெயிலில் உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி வேர்க்க வைக்கிறது. தண்ணீர் குறைந்த உடம்பில் குடலின் வேலையும் மந்தப்படுகிறது. மூன்று மணிக்குப் பந்தி என்று குரல் கேட்டதும், உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நிற்கிறார். பத்து நிமிஷத்தில் மூன்று சோறு. மென்று தின்ன நேரமில்லை, வாய்நிறையக் காற்றோடு விழுங்குகிறோம். "வஞ்சகமில்லாமச் சாப்பிடுங்க" என்று பரிமாறுபவர் கேட்காமலே இன்னொரு கரண்டி வைக்கிறார். வேண்டாம் என்று இலையை மறைத்தால், மறைத்தவர் மொய் எழுதியவரானாலும் எழுதாதவரானாலும் விருந்து வைத்தவருக்கு ஒரே மாதிரி வருத்தம். வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சேதி போக இருபது நிமிஷம் வேண்டும் என்பார்கள் மருத்துவர்கள். பந்தியில் அதற்குள் இலை மடக்கியாகிவிடும்.

இதற்கு மருந்து ஒன்பது மணிக்கு நாலு இட்லி. கோயிலுக்குப் போகும் வேனிலேயே ஒரு பாத்திரத்தில் இட்லியும், ஒரு குடத்தில் நீர்மோரும் ஏற்றிவிட்டால் மூன்று மணிப் பந்தியில் யாரும் அந்த வேகத்தில் சாப்பிட மாட்டார்கள். மாமியார்கள் "கறி செல்லாதே" என்று முகம் சுளிக்கலாம். கறி செல்லும், அளவாகச் செல்லும்.

கடிகாரத்தின் இன்னொரு பக்கம் அண்டா. இங்கேதான் வெறும் பொருமல், வயிற்றுப்போக்காக மாறுகிறது. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா மண்ணிலும் ஆட்டின் குடலிலும் சாதாரணமாக இருப்பது. கொதிக்கும் குழம்பில் அது செத்துவிடும், அதன் வித்துகள் சாகா. அடுப்பை அணைத்து மூடி வைத்த ஐம்பது லிட்டர் அண்டா ஆற ரொம்ப நேரம் எடுக்கும். 43 முதல் 47 டிகிரிச் சூட்டில் அந்த வித்துகள் முளைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். தொட்டால் கைக்கு இதமாக, "இன்னும் சூடாத்தான் இருக்கு" என்று சொல்லத் தோன்றும் சூடு அது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் வயிற்றைப் பிசையும், வாயு சேரும், பேதியாகும். பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கிவிடும் என்பதால் யாரும் அண்டாவைச் சந்தேகிப்பதில்லை, கிடாய் முத்தல் என்று முடித்துவிடுகிறோம். சோற்றுக்கும் இப்படி ஒரு பாக்டீரியா உண்டு, பேசில்லஸ் சீரியஸ். வடித்த சோறு வெயில் நேரத்தில் அன்னக்கூடையில் மணிக்கணக்கில் கிடந்தால் அது நச்சு சேர்க்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரம் இருக்கலாம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. மதுரைச் சித்திரையில் காலை பத்து மணிக்கே 32ஐத் தாண்டிவிடும். எனவே குழம்பு 60 டிகிரிக்கு மேல், தளதளவென்று ஆவி வரும் நிலையில் இருக்க வேண்டும். விறகடுப்புச் சமையல்காரர்கள் தணலை அண்டாவுக்கடியில் தள்ளிவிட்டு இடையிடையே கிண்டுவது சரியான முறை. கேஸ் அடுப்பு வந்தபின் சிலிண்டரை மிச்சம் பிடிக்க அணைத்துவிடுகிறார்கள், அங்கேதான் கோளாறு. திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியில், முனியாண்டி விலாஸ் ஓட்டல்காரர்கள் வருஷா வருஷம் நடத்தும் பிரியாணித் திருவிழாவைப் பாருங்கள். ராத்திரி முழுக்கச் சமைத்து, விடிகாலையில் சுடச்சுடக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அதுவும் குளிரடிக்கும் தை மாசத்தில். சாமி குத்தம் வராமலிருக்கச் செய்ததோ என்னவோ, சுகாதாரக் கணக்குப்படி இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இதில் யாரும் பேசாத ஒரு அநியாயம் உண்டு. விடிகாலையிலிருந்து மசாலா அரைத்து, குடல் அலசி, பரிமாறி ஓய்ந்த பெண்கள் கடைசிப் பந்தியில் உட்காருகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது அண்டாவின் அடி. நெய்யும் கொழுப்பும் திரண்டது, அதிக நேரம் ஆறிக் கிடந்தது. விருந்துக்கு மறுநாள் வீட்டில் வயிற்று வலியோடு படுத்திருப்பவர் பெரும்பாலும் யார் என்று விசாரித்துப் பாருங்கள். கடைசிப் பந்திக்குமுன் குழம்பை ஒருமுறை நன்றாகக் கொதிக்க விட்டால் முளைத்த கிருமிகள் செத்துவிடும். அதற்கு ஆகும் நேரம் கால் மணி. மிஞ்சியதைத் தூக்குவாளியில் ஊற்றி வேனில் மூன்று மணி நேரம் கொண்டுபோகும் பழக்கத்தையும் கைவிடலாம்.

நகரத்தில் விருந்தின் முகம் மாறிவருகிறது. மேசை நடுவே தணல் வைத்துக் கம்பியில் கோத்த கறியை அளவில்லாமல் தரும் கடைகள், சாலையோர கிரில் சிக்கன் பெட்டிகள், ஷவர்மா. இங்கே பயம் வேறு: வெளியே கருகி உள்ளே வேகாத கோழி, கூடவே மயோனைஸ். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது சால்மொனெல்லா பயத்தில்தான். கறியை எலும்புவரை பிய்த்துப் பார்த்து, சிவப்பாக நீர் வடிந்தால் திருப்பி அனுப்ப வெட்கப்படக் கூடாது.

கைமருந்துகளுக்கு வருவோம். தீபாவளிக்கு லேகியம் கிண்டிய சமூகம் கிடா விருந்துக்கு அப்படி எதையும் வைக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். சித்த மருத்துவத்தின் அட்ட சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம் எட்டும் இருக்கின்றன. பாதி ஏற்கெனவே குழம்பிலேயே இருப்பவை. இவற்றில் ஓரளவு நவீனச் சோதனைக்கு உட்பட்டது இஞ்சி. 2011இல் தைவான் மருத்துவர்கள் அஜீரணத் தொல்லை உள்ள சிலருக்கு 1.2 கிராம் இஞ்சிப்பொடி கொடுத்துப் பார்த்தார்கள். இரைப்பை சீக்கிரம் காலியானது. ஆனால் அவர்களுடைய தொந்தரவு குறைந்ததாகத் தெரியவில்லை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது விற்கும் இஞ்சி மொரப்பாவை வாங்கலாம், அற்புதத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஓமத்திரவமும் சீரகத் தண்ணீரும் கெடுதல் செய்யாது, வெதுவெதுப்பான தண்ணீரின் பலனாவது உண்டு. பொங்கும் உப்புப் பாக்கெட் நெஞ்செரிச்சலைத் தணிக்கும். பொருமலுக்கு அது இன்னொரு சோடாதான், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதிலுள்ள சோடியமும் ஆகாது. வெற்றிலை பாக்கு வேண்டாம். பாக்கு குடலைக் கொஞ்சம் உசுப்பும் என்பது உண்மை, 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கைப் புற்றுநோய்க் காரணி என்று உறுதி செய்ததும் உண்மை.

எல்லா மருந்தையும் விட நன்றாகச் சோதிக்கப்பட்டது நடைதான். அதே பார்சிலோனா ஆய்வாளர்கள், தன்னார்வலர்களின் குடலுக்குள் குழாய் வழியே வாயுவைச் செலுத்தி, படுத்திருக்கும்போதும் நிமிர்ந்திருக்கும்போதும், லேசாக உடற்பயிற்சி செய்யும்போதும் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்தார்கள். படுத்தவர்களைவிட நிமிர்ந்திருந்தவர்களுக்கு வாயு வேகமாக நகர்ந்தது, உடம்பை அசைத்தவர்களுக்கு உப்புசம் குறைந்தது. நாம் என்ன செய்கிறோம்? கை கழுவிய ஈரம் காயுமுன் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துச் சாய்கிறோம். வெயில் தாழக் கோயிலை நாலு சுற்றுச் சுற்றினால் சாமிக்கும் ஆச்சு, வயிற்றுக்கும் ஆச்சு. இறுக்கிக் கட்டிய பெல்ட்டையும் பட்டுச் சேலையின் உள்பாவாடை நாடாவையும் தளர்த்திக்கொள்ளலாம். இன்னொரு சேதி: சிலருக்கு வாயுவின் அளவு கூடாமலே வயிறு முன்தள்ளுகிறது. உதரவிதானம் கீழிறங்கி, வயிற்றுத் தசை தளர்ந்துவிடுவதால் வருவது அது. இவர்களுக்கு மாத்திரையைவிட மூச்சுப் பயிற்சி உதவுகிறது.

சர்க்கரை நோயாளிகள் தங்கள் மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரைகள் மாவுச்சத்தைச் சீரணிக்கவிடாமல் தடுத்தே சர்க்கரையைக் குறைக்கின்றன. தடுக்கப்பட்ட மாவு பெருங்குடலில் புளிக்கும், பரோட்டாவோடு சேர்ந்தால் வாயு நிச்சயம். மெட்ஃபார்மினும் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மௌன்ஜாரோ போன்ற ஊசிகள் இரைப்பை காலியாவதையே தாமதப்படுத்துபவை. அந்த ஊசி போட்டவர் மூன்று சோறு சாப்பிட்டால் வாந்தியில் முடியலாம். மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. சாப்பாட்டின் அளவைக் குறைத்தால் போதும், உபசரிப்பவரிடம் ஊசியைக் காரணம் காட்டலாம். இந்தக் காலத்தில் அதற்கு மறுபேச்சு இருக்காது.

கடைசியாக, "கேஸ் ட்ரபிள்" என்ற சொல். நெஞ்சு அடைக்கிறது, வேர்க்கிறது, இடது தோளோ தாடையோ வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது வாயு இல்லை, மாரடைப்பாக இருக்கலாம். கொழுப்பான சாப்பாடு, வெயில், நீரிழப்பு, நடுத்தர வயது எல்லாம் கூடிய நாள் அது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அஜீரணமாக, களைப்பாக வரலாம். சோடா உடைத்துக் கொடுத்து, முதுகைத் தட்டி, "ஏப்பம் வந்தா சரியாயிடும்" என்று உட்கார வைக்கும் அரை மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அழைக்க வேண்டிய எண் 108. கோயில் ஊருக்கு வெளியே காட்டுக்குள் இருந்தால், வண்டி வந்து சேர எந்தப் பாதை என்று சொல்லத் தெரிந்த ஒருவர், ரோட்டோரம் நிற்கும் வேன் ஓட்டுநரிடம் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளட்டும்.